புடவையால் வீட்டை அளந்த பெண்கள்

வீடு கட்டுவதற்கு முன் யாரைக் கேட்பார்கள்? என்ஜினீயரைக் கேட்பார்கள். கொத்தனாரைக் கேட்பார்கள்.

பிளாட்பாரத்தில் படுத்து உறங்கும் பெண்ணைப் போய் யாராவது கேட்பார்களா?

கேட்டார்கள்! கேட்டதோடு விடவில்லை. அவளையே பாடம் நடத்தச் சொன்னார்கள்.

இது நடந்த இடம், பம்பாயில் உள்ள பைகுல்லா. (பம்பாயின் இன்றைய பெயர் மும்பை.)

மழையில் வெளியேற்றம்

1981-ம் ஆண்டு, ஜூலை மாதம். கொட்டும் மழைக்காலம். நடைபாதையில் குடியிருப்பவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அப்போதைய மராட்டிய முதல்-மந்திரி அந்துலே அறிவித்தார். குடிசைகளைப் பிரித்தார்கள். குடும்பங்களை பஸ்சில் ஏற்றினார்கள்.

ஓல்கா டெல்லிஸ் என்ற பெண் பத்திரிகையாளரும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1985 ஜூலை 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. மழைக்காலம் கழிய வேண்டும் என்று அக்டோபர் 31-ந் தேதி வரை தவணை கொடுத்தது.

அதற்குப் பிறகு எங்கே போவது?

தலைகளை எண்ணினார்கள்

நடைபாதைவாசி என்றால் சோம்பேறி, பிச்சைக்காரன் என்பதே ஊரார் நினைப்பு. அது உண்மையா என்று பார்க்க, 1984-ல் தொடங்கிய 'ஸ்பார்க்' என்ற அமைப்பு முன்வந்தது. பைகுல்லா பகுதியில் சுமார் 6 ஆயிரம் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். 27 ஆயிரம் பேர் இருந்தார்கள்!

அவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தது. பலரும் வேலைக்கு நடந்தே போனார்கள். தொலைவில் குடியிருந்தால் கூலியில் ஒரு பங்கு பஸ்சுக்கே போய்விடும். அதனால்தான் வேலைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தார்கள்.

கலர் காகிதம்

1986-ல் அந்தப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர் ஒரு தமிழர். பெயர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். தச்சு வேலைக்கு பம்பாய் வந்து, கூரை இல்லாமல் தெருவில் உறங்கியவர். வீடு இல்லாதவரின் வலி அவருக்குத் தெரியாதா?

சங்கத்தில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேமிப்புக் கணக்கை எப்படி எழுதுவது? ஒவ்வொருத்திக்கும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். ஒரு ரூபாய் போட்டால் அதற்கு ஒரு கலர் காகிதத் துண்டு. 5 ரூபாய் போட்டால் வேறு கலர். பையைத் திறந்து பார்த்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். பேனாவும் வேண்டாம், குமாஸ்தாவும் வேண்டாம்!

அடுத்து, வீட்டுப் பாடம்.

பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். எந்த மாதிரி வீடு வேண்டும் என்று பேசினார்கள். அடுப்பு எங்கே? குழந்தை எங்கே படுக்கும்? அளவுகோல் யாரிடமும் இல்லை. கட்டியிருக்கும் புடவையின் நீளம் எல்லோருக்கும் தெரியுமே! அதை வைத்தே சுவரின் நீளத்தையும் உயரத்தையும் கணக்கிட்டார்கள்.

சிறிய இடத்தில் பெரிய குடும்பம் எப்படித் தூங்குவது என்ற கேள்வி வந்தது. விடையை அவர்களே கண்டுபிடித்தார்கள். கூரையை 14 அடி உயரத்துக்குத் தூக்கி, நடுவில் ஒரு பரண் போடுவது! கீழே சமையல், மேலே படுக்கை. நடைபாதையில் கையகல இடத்தில் குடும்பம் நடத்தியவர்கள் அல்லவா? இடத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அந்த வீட்டை நிஜ அளவிலேயே மாதிரியாக நிறுத்தி, கண்காட்சி வைத்தார்கள். அக்கம்பக்கத்து நடைபாதைக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகளும் வந்தார்கள். வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னவர்கள் அந்தப் பெண்களே. அதுவரை அதிகாரி பேச, அவர்கள் கேட்டுத்தான் பழக்கம்!

இடிக்க ஆட்கள் வரும் நாட்களிலும் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். குடிசையைத் தாங்களே பிரித்து, தட்டுமுட்டுச் சாமான்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். மரமும் தகரமும் தப்பின.

கடல் தாண்டிய பாடம்

1991-ல் அற்புதம் தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள குடிசைவாசிகளைச் சந்தித்தார். பின்னர் மகிளா மிலன் பெண்களும் போனார்கள். அங்குள்ள பெண்களின் பாஷை இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் காசு சேர்ப்பதைக் கற்றுக்கொடுத்தார்கள். 1994-ல் அந்த நாட்டு வீடற்றவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு கண்டார்கள்.

அற்புதம் 2000-ம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். 2018-ல் காலமானார்.

பைகுல்லா பெண்கள் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. சேமிக்கத் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான், ஒரு பகுதியினர் மான்கூர்டு என்ற இடத்தில் சொந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள்.