பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி (சுருக்கமாக பி.எம். கிசான்) என்பது நிலவுடைமை கொண்ட வேளாண் குடும்பங்களுக்கு இந்திய நடுவண் அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் வருவாய் உதவித் திட்டம் ஆகும். 'சம்மான்' என்னும் இந்திச் சொல் மதிப்பு, கௌரவம் எனப் பொருள்படும். இத்திட்டத்தின் முழுச் செலவையும் நடுவண் அரசே ஏற்கிறது. பயனாளிகளைக் கண்டறிவது மாநில அரசுகளின் பொறுப்பாகும்.

மானியமும் நேரடி உதவியும்

உர மானியத்தில் உழவரின் கைக்குப் பணம் வருவதில்லை. விலையின் ஒரு பகுதியை அரசு உர நிறுவனங்களுக்கு ஈடு செய்வதால் உழவர் குறைந்த விலையில் உரம் வாங்குகிறார். எனவே மிகுதியாக வாங்குபவரே மிகுதியாகப் பயனடைகிறார். பி.எம். கிசான் திட்டத்தில் பணம் நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அரை ஏக்கர் உள்ளவருக்கும் பத்து ஏக்கர் உள்ளவருக்கும் ஒரே தொகைதான். பயிரின் வகையோ விளைச்சலோ கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

வரலாறு

தெலுங்கானா அரசு 2018 மே மாதத்தில் ரைத்து பந்து என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் வழங்கியது. நடுவண் அரசின் திட்டம் 2019 பெப்ரவரி 1 அன்று இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, பெப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்கத்தில் 2 எக்டேர் வரை நிலம் உள்ளோருக்கு மட்டுமே உரியதாக இருந்த இது, அவ்வாண்டின் நடுப்பகுதியில் நில அளவு வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. மேற்கு வங்காள உழவர்களுக்கு 2021 மே மாதத்தில் முதல் தவணை கிடைத்தது.

செயற்படும் முறை

கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் ஆகியோர் ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுவர். நான்கு மாதங்களுக்கு ஒரு முறை 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் பணம் வழங்கப்படுகிறது. வருமான வரி செலுத்துவோர், அரசியலமைப்புப் பதவி வகிப்போர், தொழில் புரியும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் முதலியோர் தகுதி பெறமாட்டார்கள். நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலங்களுக்கும் உதவி இல்லை.

குத்தகை உழவர்களின் நிலை

இத்திட்டம் உழுபவர் யார் என்று பார்ப்பதில்லை. நில ஆவணத்தில் யார் பெயர் உள்ளது என்றே பார்க்கிறது. இதனால் குத்தகைதாரர்களுக்கும் நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கும் இவ்வுதவி கிடைப்பதில்லை. காவிரிப் படுகையில் கோயில், மடங்களுக்குச் சொந்தமான நிலங்களைப் பலர் குத்தகைக்குப் பயிரிடுகின்றனர். இந்நிலங்களின் உரிமை நிறுவனத்திடம் இருப்பதால் அந்நிறுவனமும் உதவி பெறாது, பயிரிடுபவரும் பெறமாட்டார். பட்டா கணவர் பெயரிலேயே இருந்தால், வயலில் உழைக்கும் மனைவியின் பெயரில் தொகை வருவதில்லை.

சில மாநிலங்கள் வேறு வழியைக் கையாண்டன. ஒடிசாவின் காலியா திட்டம் (2018) நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் உள்ளடக்கியது. ஆந்திரப் பிரதேச அரசு 2019 அக்டோபரில் தொடங்கிய ரைத்து பரோசா திட்டத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த நிலமற்ற குத்தகை உழவர்களையும் சேர்த்தது.

தமிழ்நாட்டு முறைகேடு

தகுதியுள்ளோர் விடுபட்டதைப் போலவே, தகுதியற்றோர் சேர்க்கப்பட்டதும் நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2020 ஆம் ஆண்டு பெரும் எண்ணிக்கையில் போலிப் பதிவுகள் கண்டறியப்பட்டன. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டு ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் வரை முறைகேடாகப் பெறப்பட்டதாகவும் மாநில அரசு அவ்வாண்டு தெரிவித்தது. தொகையைத் திரும்பப் பெறும் பணியும் கைது நடவடிக்கைகளும் மேற்கொள்ளப்பட்டன.

2022 ஆம் ஆண்டு முதல் ஆதார் வழியான மின்னணு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. இச்சரிபார்ப்பு விண்ணப்பித்தவர் யார் என்பதை உறுதி செய்யும். அவர் பயிரிடுகிறாரா என்பதை அதனால் அறிய இயலாது.