பாடியில் செய்த போல்ட்டும் முதலாளியின் நாற்காலியும்

1992 டிசம்பரில் நடந்த தென் கொரிய அதிபர் தேர்தலில் மூன்றாவதாக வந்தவர், ஹூண்டாய் குழுமத்தை நிறுவிய சங் ஜூ-யுங். கார் ரிப்பேர் ஷெட்டில் தொடங்கிக் கப்பல் கட்டும் தளம் வரை எழுப்பிய மனிதர். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் கட்சி ஆரம்பித்தார். மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 31 இடங்கள் கிடைத்தன. அடுக்குமாடி வீட்டு விலையைப் பாதியாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதிபர் தேர்தலில் மக்கள் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயித்தவர்களும் சும்மா விடவில்லை. குழுமத்துக்கு வங்கிக் கடன் வழிகள் அடைபட்டன. கம்பெனிப் பணத்தைத் தேர்தலுக்குத் திருப்பினார் என்ற வழக்கில் மூன்றாண்டு தண்டனை வந்தது, வயதைக் கருதி உள்ளே வைக்கவில்லை. தேர்தல் முடிந்து நான்கு ஆண்டுகளில் அதே குழுமத்தின் கார் கம்பெனி, பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் அஸ்திவாரம் போட்டது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் கார்களைச் சுமந்து போகும் நீள டிரெய்லர்கள் இன்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி.

தொழிலில் ஜெயித்தவர் ஆட்சிக்கு வந்தால் தொழில் செழிக்கும் என்ற பேச்சு கொரியாவோடு நிற்பதில்லை. அதே 1992 நவம்பரில் அமெரிக்காவில் ராஸ் பெரோ, தன் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்றுவிட்டு அதன் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்து அதைத் திட்டித் தீர்த்தவர், சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 சதவீதம் வாங்கினார். நம் ஊரிலும் டீக்கடை முதல் சேம்பர் கூட்டம் வரை இந்தப் பேச்சு உண்டு. ஆனால் பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்கே நீளும் பட்டையின் கதையைப் பார்த்தால் இது நிற்காது. இங்கே கார்த் தொழில் வேர் பிடித்தது, கார் முதலாளிகள் செய்ய விரும்பாத ஒன்றை அரசு அவர்கள் தலையில் கட்டியதால். அப்படிக் கட்டத் துணிவாரா என்பதுதான் பதவி கேட்டு வரும் தொழிலதிபரிடம் பார்க்க வேண்டிய தகுதி. அவருடைய பேலன்ஸ் ஷீட் அதற்குப் பதில் சொல்லாது.

1950-களின் தொடக்கத்தில் இந்தியாவில் கார் 'தயாரிப்பு' என்றால் பெரும்பாலும் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டுவதுதான். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அதைச் செய்துவந்தன. 1953-ல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே படிப்படியாக முழுக் காரையும் செய்யும் திட்டம் இருக்கிறவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டது. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் கடையைக் கட்டின. அப்போது மத்திய வர்த்தகத் தொழில் துறை அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.). வெளிநாட்டுப் பொருட்களுக்கு ஏஜென்சி எடுத்து விற்கும் தொழிலை 1928-ல் சென்னையில் தொடங்கியவர் அவர். இறக்குமதியில் பிழைத்த வியாபாரி, இறக்குமதிக்குக் கதவடைக்கும் கொள்கையை நடத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பலன் மேற்குச் சென்னையில் விளைந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டுத் திடலுக்குச் சில மைல் தூரத்தில், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தனியார் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன என்பது வேடிக்கைதான். 1960-க்கும் 1966-க்கும் இடையே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று வரிசையாகப் பாடியில் வந்தன. சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், போல்ட்: ஒரு வண்டிக்கு வேண்டிய பாதி அந்தச் சாலையிலேயே கிடைத்தது. மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த வழக்கறிஞர் ஆர். வெங்கட்ராமன் காலத்தில், 1964-ல், அம்பத்தூர் எஸ்டேட் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து, பெரிய கம்பெனிகளுக்குச் சின்னப் பாகம் செய்து தரும் பட்டறைகளுக்கு இடம் கொடுத்தது. பஸ்ஸில் 'லூகாஸ்', 'பிரிட்டானியா', 'டன்லப்' என்று டிக்கெட் கேட்கிற பழக்கம் அப்போது வந்தது. டன்லப் டயர் தொழிற்சாலை கைமாறிக் கைமாறி மூடியே போனது. ஸ்டாப் பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. இதில் இன்னொன்று: பாடியின் இந்தக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த டி.வி.எஸ். குடும்பத்திலிருந்து மத்திய அமைச்சரவை வரை போனவர் மகள் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். காந்திகிராமம் கண்டவர், போனது கல்வித் துறைக்குத் துணை அமைச்சராக. பிரேக்கும் போல்ட்டும் செய்த சகோதரர்கள் தொழிலிலேயே இருந்தார்கள்.

கதவடைத்ததால்தானே முப்பது ஆண்டுகள் ஓட்டைக் கார்களை ஓட்டினோம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியே சாட்சி. 1961-ல் ஹெரால்டு வந்தபோது அது புதுசு. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது ரோவரின் உடம்புக்குள் 1940-களின் வான்கார்டு வம்சத்து எஞ்சின். பெட்ரோல் குடித்தது; மைலேஜ் பற்றிச் சொன்ன கணக்கு பொய் என்று சிக்கலும் வந்தது; 1988-ல் உற்பத்தி நின்றது. போட்டியில்லாத இடத்தில் கார் முதலாளி சோம்பேறியானார் என்பது உண்மை. ஆனால் அதே பாதுகாப்புக்குள் இருந்த பாடி சோம்பேறியாகவில்லை. பாகம் செய்கிறவருக்கு ஒரே வாடிக்கையாளர் கிடையாது. லாரி, டிராக்டர், ஸ்கூட்டர், கார் என்று நாலு பேருக்கும் போட வேண்டும், ஒருவர் திருப்பி அனுப்பினால் அடுத்தவர் காதுக்குப் போகும். 1990-களில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி ஏற்றுமதி செய்தது. 1998-ல் சுந்தரம் கிளேட்டன், ஜப்பானின் டெமிங் விருதை வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி ஆனது. பாதுகாப்பு காரைக் கெடுத்தது, பாகத்தைக் காப்பாற்றியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டுக் கார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்த பிறகும் விதி தேவைப்பட்டது. என் வாதத்துக்கு மிக நெருங்கிய சாட்சியம் இதுதான். 1997 டிசம்பரில் வெளியான 60-ஆம் எண் பொது அறிவிப்பு, வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் அரசோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்றது: மூன்றாம் ஆண்டுக்குள் உள்நாட்டுப் பங்கு 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2001-ல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது, அதற்குச் சற்று முன்பே விதி போய்விட்டது. உயிரோடிருந்தது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அதற்குள் ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டையும், திரும்பி வந்த ஃபோர்டின் மறைமலை நகரும் உள்ளூர் வெண்டர்களைத் தேடிப் பழகிவிட்டன. எல்லா ஆர்டரும் அம்பத்தூருக்கு வந்துவிடவில்லை. ஹூண்டாய் தன் கொரிய வெண்டர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்திலேயே குடியேற்றியது. ஆனாலும் அந்த வெண்டர்களுக்கே டையும் ஜிக்கும் சின்னச் சின்ன பிராக்கெட்டும் யாரோ போட வேண்டியிருந்தது.

அந்த அறிவிப்பு வந்தபோது மத்திய வர்த்தகத் துறையைக் கவனித்த பி.பி. ராமையாவும் தொழிலதிபர்தான், ஆந்திராவின் சர்க்கரை ஆலைக்காரர். டி.டி.கே.யும் வியாபாரி. அப்படியானால் என் வாதம் உடைகிறதே என்று கேட்கலாம். உடையவில்லை, கூர்மையாகிறது என்பேன். இருவரும் கார் விதியில் கை வைத்தபோது கார் அவர்களுடைய பிழைப்பாக இல்லை. சர்க்கரை ஆலைக்காரர் கார்க் கம்பெனிக்குக் கடிவாளம் போடுவதில் சிரமமில்லை. சர்க்கரைக்கு அவரே போட வேண்டுமென்றால்தான் சோதனை. டி.டி.கே.க்கு வணிக உலகின் நிழல் கடைசிவரை விடவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரத்தில், 1958 பிப்ரவரியில், நிதியமைச்சர் பதவியை விட்டார். திரும்பி வந்து, பிள்ளைகளின் தொழிலுக்குச் சாதகம் செய்தார் என்ற புகாரின் நடுவே 1965 முடிவில் மறுபடி விலகினார். அவர் கை சுத்தமாகவே இருந்திருக்கலாம். வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்த அமைச்சர் போடும் ஒவ்வொரு கையெழுத்தையும் ஊர் இரண்டு முறை படிக்கும். அந்தச் சந்தேகமே ஆட்சிக்கு ஒரு செலவு.

இதற்கு எதிராகக் கோவைக்காரர்கள் ஜி.டி. நாயுடுவை நிறுத்துவார்கள். பஸ் கம்பெனி நடத்தியவர், மோட்டார் செய்தவர், 1930-களின் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றவர். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் என்றார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் நின்றது. இவர் மாதிரி ஒருவர் அதிகாரத்தில் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுவது இயல்பு. ஆனால் 1952 மே முதல் அந்தத் துறையில் அமைச்சராக இருந்தவர் சென்னை வியாபாரி டி.டி.கே.தான். மறுப்பில் அவர் கை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாற்காலியில் வியாபாரி இருப்பது இன்னொரு தொழில்முனைவோருக்கு வழி திறந்துவிடாது என்று மட்டும் சொல்கிறேன். நாயுடுவுக்குத் தேவைப்பட்டது, யார் வந்து கேட்டாலும் ஒரே அளவுகோலில் லைசென்ஸ் தரும் ஓர் அலுவலகம்.

அப்படிப்பட்ட அலுவலகத்தின் அருமை அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்ன ஷெட்டுக்குத் தெரியும். ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தகடு வாடிக்கையாளருடையது, டை வாடிக்கையாளருடையது; இவருக்கு ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை பைசா என்று கூலி. ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வரும். ஷெட்யூல் குறைந்தால் மெஷின் நிற்கும், வட்டி நிற்காது. 2019 மந்தத்தில் சுந்தரம் கிளேட்டனும் லூகாஸும் வேலையில்லா நாட்களை அறிவித்தன. பெரிய கேட் இரண்டு நாள் மூடினால் அதை நம்பியிருக்கும் ஷெட்டில் அதைவிட அதிக நாள் விளக்கு எரியாது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் தவித்தார். 2021 செப்டம்பரில் ஃபோர்டு கிளம்புகிறேன் என்று அறிவித்தபோது, பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டியது. கணக்கு சரியாகவே இருக்கும். கம்பெனித் தலைவர் நஷ்டத்தை மூடிவிட்டுப் போகலாம், அது அவருடைய கடமையும்கூட. அரசுக்கு அந்த வசதி கிடையாது. மூடிய கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களும் அதன் பொறுப்புதான். இந்த ஒரு இடத்தில்தான் கம்பெனி அனுபவம் ஆட்சிக்குப் பயன்படாமல் போகிறது, இதுவே மிகப் பெரிய இடம்.

ஷெட்டுக்கு அண்மையில் கிடைத்த உருப்படியான உதவிகளில் ஒன்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற எண்ணில் சேர்ந்த பிரிவு. சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெரிய வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். சட்டத்துக்குள் வராத சப்ளையரிடம் ஆர்டரை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் ஷெட்காரர்களுக்கும் இருக்கிறது. ஆனாலும் 90 நாள், 120 நாள் என்று இழுப்பவரை உறுத்தும் விதி இது. பில் இழுத்துப் பழகிய ஒருவர் நிதியமைச்சரானால் இப்படி எழுதுவாரா?

தொழில்முறை அரசியல்வாதி மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி ஆண்டுக்கு 50,000 கார் செய்கிறேன் என்று 1970-ல் அனுமதி வாங்கி, 1970-கள் முடிவதற்குள் கம்பெனியைக் கலைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அதை மாருதியாக எழுப்பியவர் தமிழ்நாட்டில் பிறந்து பெல் நிறுவனத்தை நடத்திய வி. கிருஷ்ணமூர்த்தி, முதலாளியும் அல்ல, தேர்தலில் நின்றவரும் அல்ல. அமெரிக்கன் மோட்டார்ஸை நடத்திவிட்டு மிச்சிகன் கவர்னரான ஜார்ஜ் ரோம்னியைத் தொழிலதிபர்களின் பெருமைக்குரிய உதாரணமாகச் சொல்வதுண்டு. அவர் விட்டுச்சென்ற பெரிய காரியம், 1967-ல் அந்த மாநிலத்தின் முதல் வருமான வரி. எந்தக் கம்பெனித் தலைவரும் தன் வாடிக்கையாளர்களிடம் செய்யத் துணியாத வேலை அது.

இப்போது மின்சாரக் காரின் காலம். டெஸ்லாவின் எலான் மஸ்க் 2025 ஜனவரியிலிருந்து மே வரை அமெரிக்க அரசின் செலவைக் குறைக்கும் பொறுப்பில் இருந்தார். பிப்ரவரியில் வாஷிங்டன் போன நம் பிரதமரைச் சந்தித்தார். அதற்கு ஓராண்டு முன்பே, 2024 மார்ச்சில், இந்தியா ஒரு திட்டம் அறிவித்திருந்தது: 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்பவருக்குக் குறைந்த வரியில் இறக்குமதி; உள்நாட்டுப் பங்கு மூன்றாம் ஆண்டில் 25 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 50. 1997-ல் கேட்டது 50-ம் 70-ம். இவ்வளவு இறங்கியும் டெஸ்லா தொழிற்சாலை போடவில்லை. 2025 ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்து இறக்குமதிக் காரை விற்கிறது. இன்னொரு பக்கம் 25,938 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத் திட்டம் ஓடுகிறது. உதிரிபாகக் கம்பெனி அதில் சேர 500 கோடி ரூபாய் வருவாயும் 150 கோடி முதலீடும் காட்ட வேண்டும். பாடியின் பெரிய கேட்டுகளுக்கு அது எட்டும். இரண்டு பிரஸ் மெஷின் வைத்திருக்கும் எஸ்டேட்காரருக்கு எட்டாது. எஞ்சினும் சைலன்ஸரும் இல்லாத காரில் அவர் செய்யும் பாகங்களில் எத்தனை மிஞ்சும் என்று கேட்டு ஓர் அமைச்சர் கணக்கெடுத்தால், அந்த 50 சதவீதத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.