‘எஃகு நெற்றி’க்காரர் தந்த பாட்டு

2014 மே 3. பாரிஸை ஒட்டிய ஸ்டாட் தெ ஃபிரான்ஸ் மைதானம். பிரெஞ்சுக் கோப்பைக் கால்பந்தின் இறுதிப்போட்டி. மோதவிருந்த இரண்டு அணிகளுமே பிரிட்டனி பகுதியைச் சேர்ந்தவை. ஒன்று ரென் நகரத்து அணி, மற்றது கேங்காம். கேங்காம் ஊரின் மக்கள்தொகை மொத்தமே ஏழாயிரம் சொச்சம்தான். மைதானத்தில் கூடியிருந்ததோ அதைப்போல் பத்து மடங்குக் கூட்டம்! கறுப்பு வெள்ளைக் கொடிகள் அசைய, ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பாட்டு ஒலித்தது. பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. பாட்டின் பெயர் ‘ப்ரோ கோஸ் மா சாடூ’. ‘என் முன்னோர்களின் பழைய நாடு’ என்று அர்த்தம்.

அதை எழுதியவர் ஒரு கவிஞர், பத்திரிகையாசிரியர். வெள்ளை அங்கி அணிந்து, கல்வட்டத்தின் நடுவே நின்று சடங்கு நடத்திய ‘தலைமை ட்ரூயிட்’டும் அவர்தான். பிறந்த மண்ணைவிட்டு விலகியிருந்த நிலையில் உயிரை விட்டவரும் அவரேதான். இயற்பெயர் ஃபிரான்சுவா ஜாஃப்ரென்னு. பிரிட்டனியில் அப்படிச் சொன்னால் சிலருக்குத்தான் தெரியும். ‘தால்திர்’ என்றால் உடனே தெரியும். பிரெட்டன் மொழியில் அதற்கு ‘எஃகு நெற்றி’ என்று பொருள்.

பிரான்ஸின் வரைபடத்தில், வடமேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம்தான் பிரிட்டனி. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டன் தீவிலிருந்து படகேறி வந்தவர்களின் மொழி இன்னும் அங்கே இருக்கிறது. அந்தப் பிரெட்டன் மொழிக்கும் பிரெஞ்சுக்கும் நெருங்கிய ஒட்டுறவு கிடையாது. அதற்கு அக்கா தங்கை முறை ஆவது கடலுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டில் பேசப்படும் வெல்ஷ் மொழி. 1532-ல் பிரிட்டனி பிரெஞ்சு அரசோடு இணைக்கப்பட்டது. கிராமத்து மக்கள் அதற்குப் பிறகும் நூற்றாண்டுகளாகத் தங்கள் மொழியிலேயே உழுதார்கள், மீன் பிடித்தார்கள், ஜெபம் செய்தார்கள்.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் வந்தது. தால்திர் 1879-ல் கர்னொவெத் என்ற கிராமத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில், வகுப்பில் வாய் தவறி பிரெட்டன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பையோ கட்டையையோ கயிற்றில் கோத்து மாட்டிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். அதைக் கழற்ற ஒரே வழி, அடுத்து பிரெட்டன் பேசும் தோழனைப் பிடித்துக்கொடுப்பது. மாலையில் மணி அடிக்கும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தாய்மொழியைக் குற்றமாக்கியதோடு, பிள்ளைகளையே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் பழக்கிய ஏற்பாடு அது. அப்படி வளர்ந்தவர்கள் பெற்றோரானதும் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் மட்டும் பேசியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தால்திரின் அப்பா பத்திரங்கள் பதிவு செய்யும் நோட்டரி. பிரெஞ்சு படித்து, நல்ல வேலைக்குப் போய், பிரெட்டனை மறந்துவிட எல்லா வசதியும் இருந்த வீடு. பையனைத் திருப்பியவர் ஓர் ஆசிரியர். சேன் பிரியே நகரத்துப் பள்ளியில் ஃபிரான்சுவா வாலே என்ற மொழியறிஞர் பிரெட்டன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மற்ற இடங்களில் கழுத்தில் கட்டை மாட்டினார்கள் என்றால், இவர் அதே மொழிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். அங்கே உட்கார்ந்த மாணவன் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருபது வயதுகூட நிரம்பாத நிலையில்தான் அந்தப் பாட்டை எழுதினார். மெட்டு சொந்த மெட்டு அல்ல. வேல்ஸின் பொந்தப்ரித் என்ற ஊரில் 1856-ல் எவன் ஜேம்ஸ் என்பவர் சொற்களை எழுத, மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் இசையமைத்த வெல்ஷ் தேசிய கீதத்தின் மெட்டு அது. தால்திர் அந்தப் பாட்டைத் தழுவி, பிரிட்டனியின் கடலையும் மலையையும் வீரர்களையும் உள்ளே வைத்து எழுதினார். இந்த மெட்டில் பிரெட்டன் சொற்களைப் போட்ட முதல் ஆளும் அவர் இல்லை. கெம்பேர் நகரில் வாழ்ந்த வில்லியம் ஜென்கின் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் போதகர் ஏற்கெனவே அதில் ஒரு தோத்திரப் பாட்டு எழுதியிருந்தார். ஆனாலும் 1903-ல் லெஸ்னெவென் ஊரில் கூடிய பிரெட்டன் அமைப்பினர் தேசியப் பாட்டாகத் தேர்ந்தெடுத்தது தால்திரின் பாட்டைத்தான்.

இந்த மெட்டு நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மேகாலயாவில் காசி மக்கள் பாடும் ‘ரி காசி’ பாட்டுக்கும் இதே மெட்டுதான். அங்கே போன வேல்ஸ் மிஷனரிகள் கையோடு கொண்டுபோனது.

சரி, ட்ரூயிட் எங்கிருந்து வந்தார்?

பழைய ட்ரூயிட்கள் கெல்டிக் மக்களின் பூசாரிகள், நீதிபதிகள், ஆசான்கள். எல்லாம் சேர்ந்த ஒரு வகுப்பு. அவர்களின் பாடத்தை முழுதாகக் கற்க இருபது ஆண்டுகூட ஆகும், அதை அவர்கள் எழுதிவைப்பதில்லை என்று ஜூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். எழுதிவைக்காததால், ரோமானியர்களும் பிறகு கிறிஸ்தவமும் வந்தபோது அவ்வளவும் போய்விட்டது. இன்றைய ட்ரூயிட் சடங்குகளுக்கு மூலவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கொத்தனார்! வேல்ஸைச் சேர்ந்த எட்வர்ட் வில்லியம்ஸ். ‘இயோலோ மோர்கனூக்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். வலிக்கு எடுத்துக்கொண்ட அபின் மருந்துக்கு அடிமையானவர். தானே எழுதிய பாடல்களைப் பழைய ஏடு என்று சொல்லி உலவவிட்ட கெட்டிக்காரர். 1792-ல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் சிறு கற்களை வட்டமாக வைத்து, இதுதான் ஆதி ட்ரூயிட்களின் சபை என்று அறிவித்துவிட்டார். ‘கோர்செத்’ என்று அதற்குப் பெயர். வேல்ஸின் ‘ஐஸ்டெத்வோட்’ கவிதைத் திருவிழாவோடு அது 1819-ல் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை நடக்கிறது.

ஆக, பழமை என்பது பாதிக்கு மேல் புதுசு. ஆனால் ஏளனத்தையே கேட்டு வளர்ந்த ஒரு மொழிக்காரனுக்கு அங்கே கிடைத்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

1899-ல் கார்டிஃப் நகரில் நடந்த ஐஸ்டெத்வோடுக்குப் பிரிட்டனியிலிருந்து ஒரு குழு போனது. அதில் இருபது வயது தால்திரும் ஒருவர். அங்கே கவிஞனுக்கு ராஜ மரியாதை. மேடையில் ஒரு சடங்கு. உடைந்த வாளின் இரண்டு பாதிகள்; ஒரு பாதி வேல்ஸுக்கு, மறுபாதி பிரிட்டனிக்கு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, பிரிந்த உறவு கூடியது என்றார்கள். தலைமை ட்ரூயிட் கூட்டத்தைப் பார்த்து ‘சமாதானம் உண்டா?’ என்று கேட்க, ‘உண்டு’ என்று எல்லோரும் முழங்குவார்கள். மூன்று முறை கேட்பார். அந்த ஊரில்தான் அவருக்குக் கவிப்பெயராகத் ‘தால்திர்’ கிடைத்தது. தன் ஊர்ப் பள்ளிகளில் தண்டனைக்குரியதாக இருந்த மொழியின் பெயரால், கடல் தாண்டி ஒரு பெருங்கூட்டம் தன்னை வரவேற்றதை அந்த இளைஞன் எப்படி மறப்பான்?

ஊர் திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1900 செப்டம்பரில் கேங்காமில், கணவரை இழந்த ஒரு பெண்மணி நடத்திய விடுதியில் கூடி, பிரிட்டனிக்கென்று ஒரு கோர்செத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைமை ட்ரூயிட், பத்திரிகையாளர் ழான் லெ ஃபுஸ்தெக். 1903-ல் பிரிக்னோகான் கடலோரத்தில், வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு நெடுங்கல்லின் அருகே முதல் பொதுச் சடங்கு நடந்தது. அந்த நெடுங்கற்களை நட்டவர்கள் ட்ரூயிட்களுக்கு ஆயிரமாயிரம் ஆண்டு முற்பட்ட வேறு மக்கள் என்பது வேறு விஷயம்!

அங்கி போட்ட நாள் வருஷத்தில் ஒன்றிரண்டு. மற்ற நாட்களில் தால்திர் உழைப்பாளி. ‘ஏக்கப் பெருமூச்சுகள்’, ‘எஃகு யாழ்’ என்று வரிசையாகக் கவிதைத் தொகுப்புகள். கரே என்ற சிறு நகரில் குடியேறி அச்சகம் வைத்து, 1904-லிருந்து ‘அர் போப்ல்’ என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். ‘மக்கள்’ என்று அர்த்தம். தங்கள் மொழியை அச்சில் பார்த்தே பழகாத விவசாயிகளுக்கு வாராவாரம் செய்தி போனது. 1913-ல் ரென் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். எந்த மொழியில்? பிரெட்டனில். யாரைப் பற்றி? ப்ரோஸ்பேர் ப்ரூ என்ற பிரெட்டன் கவிஞரைப் பற்றி. அவரது வாழ்க்கையில் அங்கிகளைவிட, சடங்குகளைவிட, இந்த ஒரு காரியமே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த வருஷமே முதல் உலகப்போர். பத்திரிகை நின்றது. ஆயிரக்கணக்கான பிரெட்டன் இளைஞர்கள் பிரான்ஸுக்காக மடிந்தார்கள். அவர்களில் ஒருவர் 1917-ல் இறந்த கவிஞர் யான்-பேர் கல்லோக். திரும்பி வந்த தால்திர், 1928-ல் மறுபடி ஓர் இதழ் தொடங்கினார். பெயர் ‘ஆன் ஓவாலெத்’, அதாவது வீட்டுக் கணப்படுப்பு. 1933-ல் இரண்டாம் தலைமை ட்ரூயிட் இவ் பெர்த்து காலமானதும் அந்தப் பொறுப்பு தால்திருக்கு வந்தது.

அதற்குள் காலம் மாறியிருந்தது. புதிய தலைமுறை தேசியவாதிகளுக்கு அங்கியும் கல்வட்டமும் கேலிக்கூத்தாகப் பட்டன. தால்திர் பிரான்ஸுக்குள்ளேயே மொழிக்கும் பகுதிக்கும் உரிமை கேட்டவர். இளைஞர்களில் ஒரு சாரார் தனிநாடு கேட்டார்கள். 1940-ல் ஜெர்மன் படை நுழைந்தபோது, அவர்களில் சிலர் நாஜிகளோடு கைகோத்தார்கள்.

இங்கேதான் இந்தக் கதை கசக்கிறது. வயது அறுபதைத் தாண்டிய தால்திர், தனிநாட்டுக் கோஷத்தில் சேரவில்லை. ஆனால் நாஜிகளுக்குப் பணிந்து ஆண்ட பெத்தேன் அரசை ஆதரித்தார். பிரிட்டனிக்கு ஏதாவது கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். அதே நாட்களில் அவர் வாழ்ந்த கரேயைச் சுற்றியிருந்த மலைக்காடுகளில் எதிர்ப்புப் போராளிகள் உயிரைப் பணயம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1943 டிசம்பரில், பக்கத்து ஸ்க்ரிக்னாக் ஊரின் பாதிரியாரும் பிரெட்டன் எழுத்தாளருமான யான்-வாரி பெரோ சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயரில் ஒரு பிரெட்டன் கும்பல் ஜெர்மன் சீருடை அணிந்து போராளிகளை வேட்டையாடியது. நடுநிலை என்ற இடமே இல்லாமல் போனது.

1944-ல் தால்திர் தன் இளமைக்கால நினைவுகளை ‘முன்னொரு காலத்தில்’ என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மானியர் பின்வாங்க, அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு கெம்பேர் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. குடியுரிமைகளும் போயின. வேல்ஸ் நண்பர்கள் அவரை மறக்கவில்லை. முழுத் தண்டனையையும் அனுபவிக்காமலே வெளியே வந்தார். பிரெட்டன் இயக்கத்தினர் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க 1947-ல் ஐஸ்டெத்வோட் சார்பில் ஒரு குழுவே பிரிட்டனிக்கு வந்தது. ஆனாலும் தால்திர் ஊரில் வாழவில்லை. தென்கிழக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பெர்ஜெராக் என்ற நகரில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1956-ல் அங்கேயே இறந்தார். பிரெட்டன் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத ஊர்.

போராளிகளின் குடும்பங்களுக்கு அவர் பெயர் இன்றும் எளிதில் ஜீரணமாகாது. அதில் நியாயம் இருக்கிறது. மைதானத்தில் அசைந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கொடிக்கும் இதே தலைவிதிதான். அதை 1923-ல் வரைந்த மோர்வான் மார்ஷால் என்ற கட்டடக் கலைஞரும் பின்னாளில் ட்ரூயிட் ஆனவர். போருக்குப் பிறகு அவரும் தண்டனைக்கு ஆளானார். ஆனால் இன்று பிரிட்டனியில் அந்தக் கொடி பறக்காத நகரமன்றக் கட்டடத்தைத் தேட வேண்டும். கொடியையும் பாட்டையும் மக்கள் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். தந்தவர்களின் கணக்கைத் தனியே வைத்துவிட்டார்கள்.

மொழியின் நிலைமை அவ்வளவு தெம்பாக இல்லை. தால்திரின் இளமையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசிய பிரெட்டனை இன்று பேசுபவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்தான். அவர்களிலும் முதியவர்களே அதிகம். 1977-ல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய ‘தீவான்’ பள்ளிகளில் பிள்ளைகள் பெரும்பாலான பாடங்களைப் பிரெட்டனிலேயே படிக்கிறார்கள். தீவான் என்றால் முளை. அதன் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருப்பது கரேயில். தால்திர் அச்சுக் கோத்த அதே ஊரில், வாய் திறந்து பிரெட்டன் பேசினால்தான் அங்கே மதிப்பெண்.

அந்த 2014 இறுதிப்போட்டியில் என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது கேங்காம். 114 வருஷத்துக்கு முன், ஒரு விடுதியில் சில கவிஞர்கள் கூடி கோர்செத் தொடங்கிய அதே சின்ன ஊர்.