தொட்டுச் செய்த கை

“தொடாதீர்கள்!”

இந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. சென்ற ஆண்டு ஒரு நகரத்தில் நடைபெற்ற கலைக் கண்காட்சிக்கு என் தாய்மாமனை அழைத்துச் சென்றிருந்தேன். எங்கள் வீடு பாறசாலைக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறது. மாமாவின் வீடு நெய்யாற்றின்கரைக்கு அப்பால், பலராமபுரத்தில். அவர் நெசவாளர், நாற்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் கால் வைத்தவர். இத்தகைய கண்காட்சியை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த பெரிய கூடம். அதன் நடுவே, கூரையிலிருந்து தரைவரை நீண்ட கசவுத் துணி ஒன்று தொங்கியது. அதன்மேல் மெல்லிய ஒளி விழுந்தது. எங்கிருந்தோ ஒரு மூதாட்டியின் குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. மாமா அருகே சென்றார். துணியின் ஓரத்தை உற்று நோக்கினார். “மக்கா, இது நம்ம தறியில போனதாக்கும்” என்று சொல்லிக்கொண்டே கரையைத் தடவினார். காவலர் விரைந்து வந்து தடுத்தார். மாமா கையை இழுத்துக்கொண்டார். வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தார்: “தொட்டுத்தானே மக்கா செஞ்சேன்?”

அத்துணியின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை இருந்தது. கலைஞரின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது, ‘பருத்தி, சரிகை, ஒலி’ என்று எழுதியிருந்தது. நெய்தவர் பெயர் இல்லை. கடை வழியாகக் கைமாறிச் சென்ற துணி அது. நெய்தவர் யார் என்பதைக் கலைஞரே அறியாதிருந்திருக்கலாம். ஆகவே யாரையும் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை.

விடுதிக்குத் திரும்பி நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் நகைத்தார். “துணியைத் தொங்கவிட்டு, ஒரு கிழவியைப் பேசவிட்டால் கலையாகிவிடுமா? அப்படியானால் எங்கள் வீட்டுக் கொடியும் கலைக்கூடம்தான்!” என்றார். நல்ல கேள்வி. நம்மில் பலருக்கும் இந்த ஐயம் உண்டு. அதற்கு விடை காண முயல்வோம்.

முன்பெல்லாம் ஓவியம் என்றால் சட்டத்துக்குள் இருக்கும். சிற்பம் என்றால் பீடத்தின்மேல் நிற்கும். இன்றைய கலைஞர் பலர் அந்தச் சட்டத்தையும் பீடத்தையும் விட்டுவிட்டனர். ஓர் அறை முழுவதையும் ஒரே படைப்பாக அமைக்கின்றனர். அதில் துணியும் இருக்கலாம், மண்ணும் இருக்கலாம், பாட்டும் பேச்சும் திரைப்படமும் இருக்கலாம். பார்ப்பவர் அதற்கு வெளியே நின்று நோக்குவதில்லை; உள்ளே புகுந்து நடக்கிறார். இத்தகைய படைப்பை நிறுவற்கலை என்பர்.

நமக்கு அண்மையிலேயே இதற்கு ஒரு பெருங்களம் உண்டு. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கொச்சியில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலேயே அது. ‘பினாலே’ என்பது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவைக் குறிக்கும் இத்தாலியச் சொல். ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் அதைத் தொடங்கினர். பழைய பண்டசாலைகளே அங்குக் கலைக்கூடங்கள் ஆயின.

அங்கே 2016-ஆம் ஆண்டு சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா அமைத்த படைப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நீண்ட பண்டசாலையின் தரையில் கடல்நீரைத் தேக்கினார். சுவர்களில் தம் வரிகளைத் தொங்கவிட்டார். கவிதையைப் படிக்க விரும்பியவர் காலணியைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கி நடக்கவேண்டும். 2015-இல் சிரியாவிலிருந்து தப்பியோடும்போது கடலில் மூழ்கிய சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே கண்டது. அவனோடு மாண்ட அண்ணன் காலிப்பை உலகம் காணவில்லை. அந்தக் காலிப்புக்கே அவ்விரங்கற்பா உரியது. அதே கவிதையைத் தாளில் படித்தால் கண் மட்டும் நனையும். அங்கோ காலும் நனைந்தது. நீர் கவிதையை மாற்றியது. கவிதை நீரை மாற்றியது.

என் நண்பரின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. இரண்டு கலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் கூட்டுக்கலை ஆகாது. ஒன்று மற்றொன்றை மாற்றவேண்டும். துணியை எடுத்துவிட்டால் குரலுக்குப் பொருள் குறையவேண்டும். குரலை நிறுத்திவிட்டால் துணி வெறுந்துணி ஆகவேண்டும். வீட்டுக் கொடிக்கும் கண்காட்சித் துணிக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இதெல்லாம் மேலைநாட்டுப் புதுமை என்று ஒதுக்கிவிடலாமா? இயல், இசை, நாடகம் மூன்றையும் பிரிக்காமல் முத்தமிழ் என்று ஒரே சொல்லால் வழங்கிய மக்களுக்கு இது புதுமையா? எங்கள் எல்லையூர்க் கோயில் கொடைவிழாவுக்கு வந்து பாருங்கள். வில்லுப்பாட்டில் பனைமரத்து வில், குடம், உடுக்கை, தாளம், வீசுகோலில் மணி எல்லாம் உண்டு. பாடுபவர் கதை சொல்கிறார். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிறார். கேட்போரில் ஒருவருக்குச் சாமி வருகிறது. அங்கே இசை எது, நாடகம் எது, வழிபாடு எது என்று கோடு கிழித்துக் காட்ட யாரால் முடியும்?

நவராத்திரிப் பவனியையும் எண்ணிப் பாருங்கள். பத்மநாபபுரத்துச் சரசுவதி, குமாரகோயில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் களியக்காவிளை எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக வந்து, நெய்யாற்றின்கரையில் தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊர் பிரிந்ததே தவிரப் பவனி நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலக் காவலரும் அதற்கு மரியாதை செய்கின்றனர். அதன் முடிவில் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுகள் இசை. அம்மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்பது நெடுங்கால வழக்கம். அதை 2006-ஆம் ஆண்டு மாற்றியவர் யார் தெரியுமா? 1924-இல் எங்கள் பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள்! அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 2021-இல் மறைந்தார். கலை அவரிடம் என்றோ இருந்தது; இடம்தான் காலம் தாழ்த்திக் கிடைத்தது.

கலை இருந்தும் இடம் கிடைக்காத கைகளுள் மாமாவின் கையும் ஒன்று. அந்தக் கை செய்வதென்ன என்பதைச் சற்று விளக்குகிறேன்.

பலராம வர்மா மகாராசா திருவிதாங்கூரை ஆண்ட காலம் 1798 முதல் 1810 வரை. அக்காலத்தில் உம்மிணித் தம்பி தளவாயின் முயற்சியால் இன்றைய தமிழகப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. அவர்கள் குடியேறிய ஊருக்கு மன்னர் பெயரே வழங்கிற்று. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, புதுத்தெரு, விநாயகர் தெரு என்று அங்குள்ள தெருக்களின் பெயர்கள் இன்றும் தமிழ் மணக்கின்றன. கடையில் மலையாளம், அடுக்களையில் தமிழ். இதுவே எங்கள் பேச்சு.

விடியற்காலையில் தெருவில் பாவை நீள விரித்துக் கட்டுவார்கள். நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவில் அரிசிக் கஞ்சி தோய்த்து, நார்த் தூரிகையால் வாரி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். இது பாவாற்றுதல். ஒருவரால் ஆகக்கூடிய வேலை அன்று, தெருவே கூடவேண்டும். மழைத்துளி விழுந்தால் உழைப்பு வீண். வெயில் ஏறினாலோ நூல் முறுகும். பிறகு பாவு குழித்தறியில் ஏறும். நெய்பவர் குழியில் காலை வைத்து மிதிக்க, கை ஓடத்தை வீச, கண் கரையைக் காக்கும். சரிகை இழையால் அமைவது கசவுக் கரை. புளியிலை நரம்பு போன்ற மெல்லிய கோடாக அமைவது புளியிலைக் கரை. இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றுவது இத்துணியின் சிறப்பு. இன்று இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதாவது ஊரின் பெயர் சட்டப்படி காக்கப்பட்டுவிட்டது. ஆளின் பெயர்?

இந்தத் தறிகளை நாடி ஒரு கலைஞர் வந்த செய்தியையும் சொல்லவேண்டும். மும்பையில் வாழும் இலட்சுமி மாதவன், தம் பாட்டி உடுத்திய கசவு முண்டின் நினைவைப் பற்றிக்கொண்டு பலராமபுரம் வந்தார். நெசவாளரோடு சேர்ந்து படைப்புகள் செய்தார். 2021-ஆம் ஆண்டு கொச்சி பினாலே அறக்கட்டளை ஆலப்புழையில் ‘லோகமே தறவாடு’ என்னும் பெருங்காட்சியை நடத்தியது. ‘உலகமே குடும்ப வீடு’ என்பது அப்பெயரின் பொருள். கேரளத்தை வேராகக் கொண்ட 267 கலைஞர் பங்கேற்ற அக்காட்சியில் அவருடைய கசவுப் படைப்பும் இருந்தது. கடையில் துணி வாங்கிச் செல்வது வேறு. தறிக்கு வந்து நெய்பவரோடு பேசிச் செய்வது வேறு. நானும் மாமாவும் கண்ட துணி முதல் வகை. இலட்சுமி மாதவனுடையது இரண்டாம் வகை.

நெசவாளர் பெயரைச் சுவரில் எழுதுவது நடவாத செயல் என்று எண்ணவேண்டா. செர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌகவுசு கலைப்பள்ளியில் நெசவுக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. அதில் பயின்ற ஆனி ஆல்பர்சு என்ற அம்மையாரின் நெசவுகளுக்கு மட்டுமேயான தனிக்காட்சியை 1949-ஆம் ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் நடத்தியது. அங்கே துணி ஓவியத்துக்குத் துணையாக நிற்கவில்லை. தானே தலைமை ஏற்றது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-ஆம் ஆண்டு அவருடைய முயற்சியால் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. ஓவியம் மட்டும் சோறு போடாது என்பதை அறிந்த அந்த இளைஞர்கள் பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர்; அவ்வருவாயைச் சேர்த்தே நிலம் வாங்கினர். கைத்தொழில் அவர்களுக்குத் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. அதுவே அவர்கள் ஓவியத்துக்கு அடிமனை ஆயிற்று. பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் எழுத்தும் எண்ணும் சாதகக் கட்டங்களும் ஓவியமாகவே மாறி நிற்கும். அவருடைய ஓவியங்களுக்கென்று திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கூடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

நண்பர்களே, இனி ஏதேனும் ஒரு கண்காட்சிக்குச் சென்றால் மூன்று கேள்விகளை மனத்தில் கொண்டு செல்லுங்கள். இதில் கூடியுள்ள கலைகள் ஒன்றையொன்று மாற்றுகின்றனவா, அல்லது வெறுமனே அருகருகே இருக்கின்றனவா? இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? இதைச் செய்த கைகள் எத்தனை. அவற்றுள் எத்தனைக்குப் பெயர் தரப்பட்டிருக்கிறது? முதல் இரண்டும் கலையைப் பற்றியவை. மூன்றாவதும் கலையைப் பற்றியதே என்பது என் துணிபு. பாவை மறந்து ஊடையை மட்டும் புகழ்ந்தால் துணி நிற்குமா?

நம் மன்றமும் ஆண்டுவிழாவில் ஓவியக்காட்சி வைக்கிறது. வில்லுப்பாட்டுக் குழுவை அழைக்கிறது. அழைப்பிதழில் ‘வில்லுப்பாட்டுக் குழுவினர்’ என்று ஒற்றை வரி போட்டு முடித்துவிடுகிறோம். குடம் அடிப்பவர் பெயர் நமக்குத் தெரியுமா? இவ்வாண்டு கேட்டு எழுதுவோம். பெரிய பினாலேக்களைத் திருத்த நம்மால் ஆகாது. நம் அழைப்பிதழைத் திருத்த நம்மால் ஆகும்.

சென்ற மாதம் பலராமபுரம் போனபோது மாமாவிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்தாமலேயே கேட்டார். முடிந்ததும், “அதெல்லாம் சரி மக்கா. இதுல என் பேரை எழுதியிருக்கியா?” என்றார்.

திகைத்துப்போனேன். எழுதவில்லை! “எழுதட்டுமா, மாமா?” என்றேன். சற்றே சிந்தித்தார். “புத்தகத்துல வேண்டாம். அந்தத் துணி பக்கத்துல இருக்கட்டும், அதுதான் இடம்” என்று சொல்லிவிட்டு ஓடத்தை வீசினார்.

ஆகவே அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது இருக்கவேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.