முகத்தலும் நிறுத்தலும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் வெவ்வேறாகவே சுட்டினார். முன்னது பொருள் கொள்ளும் இடத்தையும், பின்னது அதன் கனத்தையும் குறிக்கும். 1982 வரை தெலுக் ஆன்சன் எனப்பட்ட நம் தெலுக் இந்தானிலும், முன்னாளில் முகத்தலுக்குச் சுப்பாக்கும் நிறுத்தலுக்குக் காத்தியும் வழங்கின. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம்.

ஒரு சுப்பாக்குப் பழம் எத்தனை காத்தி? அறுத்த விதம் அறியாமல் விடை கூறவியலாது. 240 மில்லிலிட்டர் கோப்பையில் வாழைப்பழத் துண்டுகள் சுமார் 150 கிராமே கொள்ளும். மசித்தால் 225 கிராம் கொள்ளும். துண்டுகளிடையே நிற்கும் காற்றே காரணம். ஆதலின் பழப்பாகு காய்ச்சுங்கால், ஒரு கோப்பை மசியலுக்கு ஏற்ற சர்க்கரை, ஒரு கோப்பைத் துண்டுகளுக்கு ஒன்றரை மடங்காகிவிடும்.

வாய்பாட்டை மட்டும் ஓதாது, வகுப்பில் தராசு வைத்து நிறுத்துக் காட்டுதல் ஆசிரியர் கடன்.