லைன் வீட்டுத் தொட்டியும் நம்ம தோட்டத்து மண்ணும்

திருப்பூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் சரி, அவிநாசி, பெருமாநல்லூர், மங்கலம், பல்லடம், காங்கயம் ரோடு என்று எங்கே போனாலும் காட்டுக்கு நடுவே லைன் வீடுகள் நிற்கின்றன. கிணறு வற்றியும், சாயத்தண்ணி ஏறியும் வெள்ளாமை விட்டுப்போன பூமியில் நம்ம விவசாயிகளே கட்டினது நிறைய. வெள்ளாமை கைவிட்டாலும் வாடகை கைகொடுக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. குடியிருப்பவர்கள் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். தேனி, ராமநாதபுரத்துக்காரர்கள் இருந்த வீடுகளில் இப்போது பீகார், ஒடிசாக்காரர்களும் இருக்கிறார்கள். பத்து வீட்டுக்கு ரெண்டோ மூணோ கக்கூஸ், பின்னாடி ஒரு தொட்டி.

அந்தத் தொட்டி நிறைந்ததும் வீட்டுக்காரர் லாரிக்குப் போன் போடுகிறார். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. காசைக் கொடுத்ததோடு அவர் கவலை தீர்ந்தது. லாரி எங்கே போய் இறக்கியது என்று யாரும் கேட்பதில்லை. ஜம்மனை ஓடையிலோ, நல்லாற்றிலோ, ஏதாவது ஒரு பள்ளத்திலோ, இல்லையென்றால் இன்னொரு விவசாயியின் தென்னந்தோப்பிலோ இறங்கியிருக்கும். தொட்டி வைத்திருப்பவரும் விவசாயி, கசடு வந்து விழும் தோப்புக்காரரும் விவசாயி. அதனால்தான் இதை நம்ம பத்திரிகையில் பேசவேண்டியிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட இது மாநகராட்சிப் பிரச்சினை மட்டும் அல்ல.

முதலில் தொட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செப்டிக் டேங்க் என்றால் ரெண்டு அறை இருக்கவேண்டும், அடியும் சுவரும் தண்ணீர் கசியாமல் பூசியிருக்கவேண்டும். முதல் அறை பெரிசு, மொத்த நீளத்தில் மூணில் ரெண்டு பங்கு. கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் லேசானதும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும். காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடை மெதுவாகத் தின்று குறைக்கும். நம்ம சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதுதான்.

ஆனால் நம்ம பக்கத்தில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பலது செப்டிக் டேங்கே அல்ல. குழி தோண்டி உறை இறக்கி, அடியை அப்படியே மண்ணாக விட்டிருப்பார்கள். "எங்க தொட்டி பத்து வருசமா நெறையவே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்பவர் உண்டு. நிறையவில்லை என்றால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது பக்கத்துப் போர்வெல்லுக்குத்தான். குடிதண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். லைன் வீடு பக்கத்தில் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் ஒரு தடவை தண்ணியைக் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிற வீடாக இருந்தால் கட்டாயம்.

ஒழுங்கான தொட்டியை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதரம் எடுக்கவேண்டும். வழிந்த பிறகு எடுப்பது வழக்கமாகிப்போச்சு, அது தப்பு. வழிவதற்கு ரொம்ப முன்னாடியே கசடு உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்திருக்கும். அளந்து பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீளக் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, மூடித் துவாரத்தின் வழியாக அடி தட்டும்வரை விட்டு, சில நிமிசம் வைத்திருந்து மெதுவாக எடுங்கள். கசடு இருந்த உயரம் வரைக்கும் துணி கறுத்துப் போயிருக்கும். கசடும் மேலாடையும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியைக் கூப்பிடும் நேரம். மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்க்கவேண்டாம், பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். உள்ளே இருப்பது மீத்தேன், தீப்பிடிக்கும்.

லாரிக்காரர் மேலே இருக்கும் தண்ணியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கிளம்பிவிட்டால் அடிக் கசடு அப்படியே கட்டியாகக் கிடக்கும். அடுத்த ஆறு மாசத்தில் மறுபடி நிறையும். உறிஞ்சின தண்ணியில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகவே திருப்பி வேகமாக அடித்து, கசடைக் கலக்கிவிட்டு, பிறகு உறிஞ்சச் சொல்லவேண்டும். அதே சமயம் சுத்தமாகக் கழுவி எடுக்கவும் கூடாது. தயிருக்கு உறை வைக்கிற மாதிரி அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சவேண்டும். எடுத்து முடித்ததும் தொட்டியில் தண்ணியை நிரப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலித் தொட்டியைச் சுற்றியுள்ள ஈரம் நெருக்கித் தூக்கிவிடும், விரிசல் விழும்.

வெளிநாடுகளில் வீட்டையே வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிக்கு அடியிலும் ஒரு மலத்தொட்டி உண்டு. அவர்களுக்கு வரும் தொல்லையும் இதுதான். தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று குறைவாக ஊற்றினால், தண்ணி மட்டும் வடிந்து மலம் கூம்பாக எழும்பிக் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணியை அடித்து அடித்துத்தான் எடுக்கவேண்டும். நாற்றத்துக்குப் பயந்து அவர்கள் மருந்து ஊற்றுவார்கள், நாம் ஆசிட்டும் பினாயிலும் ஊற்றுகிறோம். ரெண்டும் தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிரைக் கொல்லும். கடையில் விற்கும் தொட்டிப் பவுடரும் வேண்டியதில்லை. மனிதக் குடலிலிருந்து தினமும் வருவதே போதும்.

இனி ஆள் இறங்குவது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் பயனில்லை. தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கிறது. அது காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாசம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் சாவு நேரம். ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் இறந்துபோனார்கள். இறங்குபவர்கள் எந்தச் சாதி என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோட்டத்து வேலைக்கு வருகிற ஆளிடம் "அப்படியே அந்தத் தொட்டியையும் ஒரு கை பாத்திருப்பா" என்று சொல்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2013-ஆம் வருசத்துச் சட்டப்படி அது குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருசம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். வேலை சொன்னவர் லைன் வீட்டுச் சொந்தக்காரராக இருந்தாலும் தப்பிக்க முடியாது. சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்று வைத்தது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. கசடு எடுக்கவும் புகார் சொல்லவும் 14420 என்ற எண் இருக்கிறது.

சரி, லாரி நிறைந்தது. எங்கே போகவேண்டும்? தமிழக அரசு 2014-லேயே கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டும், ஓடையிலும் நிலத்திலும் இறக்கக்கூடாது என்பதுதான் சாரம். காகிதத்தில் இருப்பதற்கும் ராத்திரி பதினோரு மணிக்கு நடப்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். நிலையம் தூரமாக இருந்தால் டீசல் செலவு, போய்வரும் நேரத்தில் ஒரு லோடு குறையும். தோப்புக்காரர் கேட்டைத் திறந்துவிட்டால் ரெண்டு பேருக்கும் லாபம் என்று தோன்றும்.

தோப்புக்காரருக்கு லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆள் வருசத்துக்குக் கழிப்பதில் சுமார் நாலு கிலோ தழைச்சத்து இருக்கிறது. 80 பேர் குடியிருக்கும் லைன் வீட்டில் 320 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 15 மூட்டைக்குச் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. அது தண்ணியோடு தண்ணியாக உறிஞ்சு குழிக்குப் போய், மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்குப் போய்விட்டது. லாரியில் வருவது மிச்சம்தான். நூத்துக்கு ரெண்டு பங்கு திடப்பொருள் என்று வைத்தால்கூட 5,000 லிட்டர் லாரியில் உலர்ந்த சரக்கு 100 கிலோ. மிச்சம் தண்ணீர். ரெண்டு மூணு வண்டி நல்ல மக்கு எரு அதைவிட எவ்வளவோ மேல்.

அந்த 100 கிலோவோடு என்னென்ன வருகிறது என்பதுதான் பயம். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாசக்கணக்கில், சில நேரம் வருசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நாடாப்புழுவில் ஒரு வகை, அந்தப் புல்லை மேயும் மாட்டின் சதைக்குள் போய் உட்காரும். தீவனப்புல்லுக்குக் கசடு பாய்ச்சினால் இதுதான் நடக்கும். இன்னொரு வகையின் முட்டை கீரை, தக்காளி, கொத்தமல்லி வழியாக மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளை வரை ஏறி வலிப்பை உண்டாக்கும். இது போக, திருப்பூர் பக்கத்துக்கே உரிய ஒரு சந்தேகமும் இருக்கிறது. அந்த லாரி முந்தின நாள் எங்கே உறிஞ்சியது? சாயக்கழிவு பட்ட பூமி என்ன ஆகும் என்று நொய்யல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். ஒரத்துப்பாளையம் அணை கண்முன்னால் நிற்கிறது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது வரைக்கும் நடந்த போராட்டம் நினைவிருக்கிறது. அப்படிப் போராடி மீட்ட மண்ணில் அடையாளம் தெரியாத லாரியை இறக்க விடுவது எனக்குப் புரியாத ஒன்று.

அதற்காக மலம் மண்ணுக்கு ஆகாது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நாம் எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இயற்கை வேளாண்மை. எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் சீனா, கொரியா, ஜப்பானைச் சுற்றிப் பார்த்து எழுதிய புத்தகம் 1911-ல் வந்தது. ஷாங்காய் நகரத்தின் வெளிநாட்டார் பகுதி 1908-ல் 78,000 டன் மலக்கழிவை அள்ளும் உரிமையை ஒரு ஒப்பந்தக்காரருக்கு விற்று 31,000 டாலருக்கு மேல் வாங்கியதை அதில் குறித்திருக்கிறார். அள்ளிப்போவதற்கு நகரம் காசு கொடுக்கவில்லை, வாங்கியிருக்கிறது! நம்ம நாட்டிலேயே 1939-ல் சி.என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த குழி முறையில் ஊர்க்குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி மக்கவைத்தார்கள். அதில் அள்ளிச் சுமந்த கைகள் யாருடையவை என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழவும் முடியாது. முசிறியில் ஸ்கோப் அமைப்பு மலத்தையும் சிறுநீரையும் பிரித்து எடுக்கும் கழிப்பறைகளைக் கட்டி, போகிறவருக்கே காசு கொடுத்தது. அதை நடத்திய சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017-ல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மணலும் ஜல்லியும் பரப்பிய பாத்தியில் கசடை ஊற்றினால் தண்ணி வடிந்து, கசடு வெயிலில் காய்ந்து தூளாகும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை என்ன இருக்கிறது?

காய்ந்த கசடும் அப்படியே போடுவதற்கு அல்ல. இலைதழை, குப்பையோடு சேர்த்துக் குவித்து, குவியலின் உள்சூடு 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கவேண்டும். சூடு ஏறாமல் சும்மா வைத்திருந்தால் நம்ம தட்பவெப்பத்தில் ஒரு வருசத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். ரெண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதலில் இருப்பவை. அப்புறமும் தென்னை, வாழை, மரப்பயிருக்கு வைப்பது நல்லது, பச்சையாகத் தின்னும் காய்க்கு வேண்டாம். அங்ககச் சான்று வாங்கியிருப்பவர்கள் சான்று நிறுவனத்தைக் கேட்காமல் ஒரு கூடைகூடப் போடக்கூடாது. அமெரிக்க அங்கக விதியில் கழிவுநீர்க் கசடுக்குத் தடை இருக்கிறது.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி, மூணு மாவட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணி விட ஏற்பாடு வந்திருக்கிறது. ரெண்டு தலைமுறை கேட்டு வாங்கிய தண்ணி அது. அந்தக் குளங்களுக்கு வரும் பள்ளங்களில்தான் இந்த லாரிகளும் திறந்துவிடுகின்றன. வருசத்தில் ஆறு தடவை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு உலர்பாத்தி நிலையம் கேட்கலாம், லாரிகளின் பதிவு எண்ணையும் இறக்கிய இடத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் குறித்துவைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். லைன் வீடு வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னாடியே ஒன்று செய்யலாம். நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் லாரிக்குப் பணம் என்று சொல்லிவிடுங்கள். தோப்புக்காரர்கள் ராத்திரியில் கேட்டைப் பூட்டி வையுங்கள்.