அக்கரைக்கும் எட்டும் ஆட்சி

தண்டவாளமே இல்லாத தீவுக்கு ஒரு ரயில்வே குமாஸ்தா விருந்தாளியாகச் சென்றால் எதைக் கவனிப்பான்? கால அட்டவணையைத்தான். பாம்பூஃப்ளாட்டில் குடியேறி வாழும் என் தமக்கையார் இல்லத்தில் தங்கிய நாட்களில், என் கருத்தெல்லாம் படகுத் துறையிலேயே இருந்தது.

அங்கிருந்து எதிரே சாத்தம் துறை கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய மருத்துவமனையும் தலைமை அலுவலகங்களும் அக்கரையில்தான். படகு இல்லையெனில் தரைவழியே நெடுந்தூரம் சுற்றவேண்டும். "தம்பி, இங்கே கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்? படகைப் பார்த்துத்தான் பிழைப்பு" என்றார் தமக்கையார்.

மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டம் 2015ஆம் ஆண்டு தொடங்கி, 2025 மார்ச்சில் நிறைவுற்றது. 2016 மே மாதத்தில் அதற்குத் தேர்வான நகரங்களுள் போர்ட்பிளேயரும் ஒன்று. 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பித் தொடர்பு தொடங்கப்பெற்றது. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு விரைவான இணைய வசதி கிட்டிற்று.

பாம்பூஃப்ளாட்டோ அந்நகராட்சியின் எல்லைக்கு வெளியே உள்ளது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு அதனை நகரம் என்றே குறித்தது; உள்ளாட்சியோ கிராமப் பஞ்சாயத்தாக இருந்து வந்தது. கணக்கில் நகரம், கவனிப்பில் கிராமம்! வளரும் நாடுகளின் நடுத்தர நகரங்களைச் சுற்றிலும் இத்தகைய ஊர்கள் பல உள்ளன.

1985இல் புதுடில்லியில் கணினிவழி ரயில் முன்பதிவு தொடங்கிற்று. கணினி வந்ததால் ரயிலில் இடம் பெருகிவிடவில்லை. ஆயினும், காத்திருப்போர் வரிசையில் தமது எண் இன்னதென அறிந்த பயணி, மாற்றுவழி தேட முடிந்தது. காற்றும் மழையும் மிகுந்தால் படகு நிற்பது நியாயமே. நோயாளியை அழைத்துக்கொண்டு துறைக்கு வந்த பிறகு அச்செய்தியை அறிவதுதான் கொடுமை. வீட்டிலிருந்து புறப்படுமுன் கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி, நாம் அறிந்த மொழியில் வருமாயின், அதுவே அறிவார்ந்த ஆட்சி.

கம்பி கடல் கடந்து வந்துவிட்டது. செய்தியும் துறை கடக்கவேண்டும். அதைக் கிராம சபையில் எழுந்து கேட்பது நம் கடமை. பிழைக்க வந்தவர்கள்தானே என்று ஒதுங்கி நிற்கலாகாது. வாழும் ஊரே நம் ஊர்.